நெப்போலியன் காலப் படைவீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும்போது நேரும் தவறுகள்

பிரஷ்ஷை நனைப்பதற்கு முன்பே பெரிய தவறு நடந்துவிடுகிறது. எந்த ஆண்டுப் படை என்று முடிவு செய்யாமலே பலர் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். 1805-இல் ஆஸ்டர்லிட்ஸ் போரில் நின்ற பிரெஞ்சு லைன் (வழக்கமான) காலாட்படையின் தலையில் இருந்தது இருமுனைத் தொப்பி, ஷாக்கோ என்ற உயரமான உருளைத் தொப்பி இல்லை. கோட்டின் வால் நீளம். மார்பு மடிப்பு விலகி உள்ளே வெள்ளை வெயிஸ்ட்கோட் தெரியும். 1812 சீருடை விதிமுறைக்குப் பிறகு வால் குட்டையாகி, மடிப்பு இடுப்புவரை மூடிக்கொண்டது. 1815 வாட்டர்லூ போர்ப் படைக்குள் ஆஸ்டர்லிட்ஸ் வீரன் நின்றால், எவ்வளவு நேர்த்தியாகத் தீட்டியிருந்தாலும் கண்ணை உறுத்தும்.

அடுத்தது பாம்பம், அதாவது ஷாக்கோவின் முன்னால் இருக்கும் சின்னக் குஞ்சம். எல்லோருக்கும் சிவப்பு வைத்துவிடுகிறார்கள். சிவப்பு கிரெனடியர் என்ற தேர்ந்தெடுத்த வீரர்களுக்கு உரியது. 1808-இல் ஒரு பட்டாலியன் ஆறு கம்பெனிகளாக மாறியது: ஒன்று கிரெனடியர், ஒன்று வால்டிஜர் (இலகு காலாட்கள்), மீதி நான்கும் ஃபியூசிலியர் (சாதாரண காலாட்கள்). விதிப்படி அந்த நான்குக்கும் முறையே கரும்பச்சை, வான நீலம், ஆரஞ்சு, ஊதா. ஒரு புள்ளி வண்ணம்தான், ஆனால் மேசைமேல் படையை அடுக்கும்போது கம்பெனிகள் பளிச்சென்று பிரிந்து தெரியும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

நீலத்தில்தான் நான் அதிகம் சறுக்கினேன். புத்தகத்தில் கருநீலம் என்று இருந்ததை அப்படியே பூசினேன். 28 மி.மீ. பொம்மைகள் இருபத்து நான்கையும் வரிசையில் நிறுத்தி மூன்றடி தள்ளிப் பார்த்தால் அத்தனையும் கறுப்புக் கோட்டு! உருவம் சிறிதானால் வண்ணம் அடர்த்தியாகத் தெரியும். கருநீலத்தைத் துணி மடிப்புக்குள் மட்டும் விட்டு, மேடான இடங்களில் இரண்டு படி வெளிர்ந்த நீலம் பூசுங்கள். வெள்ளை வார்ப்பட்டைக்கும் அப்படித்தான். முதலில் வெளிர் சாம்பல், அப்புறம் விளிம்பில் மட்டும் வெள்ளை. நேராக வெள்ளை பூசினால் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஆகிவிடும்.

பிரிட்டிஷ் படையில் எல்லோருக்கும் ஒரே சிவப்பு அடிப்பதும் தவறு. சாதாரண வீரனின் கோட்டு மங்கிய செங்கல் நிறம், அதிகாரியுடையதும் சார்ஜென்ட்டுடையதும் பளீர்ச் சிவப்பு. பிரிட்டிஷ் வீரனின் துப்பாக்கிக்கு ‘பிரவுன் பெஸ்’ என்று பெயர்; அதை நம்பிக் குழலுக்குப் பழுப்பு அடிக்காதீர்கள். அது தேய்த்து மினுக்கிய இரும்பு, பூண்கள் பித்தளை. பிரெஞ்சு லைன் வீரனின் துப்பாக்கியில் பூண்களும் இரும்புதான்.

கண்மணியில் மணிக்கணக்காகச் செலவிட வேண்டாம். ஷாக்கோ விளிம்பின் நிழலே போதும். மூக்கும் கன்னமும் துலங்கினால் முகம் வந்துவிடும்.

கடைசியாக வார்னிஷ். காற்றில் ஈரம் உள்ள நாளில் ஸ்பிரே செய்தால் வெண்மூட்டமாகப் படிந்து, பல வார உழைப்பு வீணாகும். மழை நாளென்றால் பிரஷ்ஷாலேயே மெல்லியதாகப் பூசுங்கள், அல்லது வெயில் வரும்வரை பொறுங்கள்.