பழைய படங்களை ஸ்கேன் செய்யப் போகிறீர்களா?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில், வளவை (நடு முற்றத்தை) சுற்றி மாட்டிய படங்களில் ரங்கூன், பினாங்கு ஸ்டூடியோக்களில் எடுத்தவை இன்னும் இருக்கின்றன. வீட்டிலேயே ஸ்கேன் செய்ய படத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கும் ஒரு ஃப்ளாட்பெட் ஸ்கேனர் போதும்.

சட்டத்தைக் கழற்றும்போது படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள்; முகமே உரிந்து கண்ணாடியில் நின்றுவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். ஸ்கேனர் கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே தெளிவாகப் பிடிக்கும் மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனரில் இது மங்கலாக வரும். லென்ஸ் வைத்த, சற்றுத் தடிமனான சிசிடி வகையில் தெளிவாக விழும். அது கிடைக்காவிட்டால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கேமராவை நேராகப் பிடித்து எடுங்கள்.

ஒட்டாத படங்களில் ஈரத்துணி படவே கூடாது. மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். போஸ்ட்கார்டு அளவுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே எடுங்கள், அந்தப் பழுப்பும் பதிவாகட்டும். மூலப்பிரதி, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக இருக்கட்டும். பங்காளிகளுக்கு அனுப்ப ஜேபெக். வாட்ஸ்அப்பில் டாகுமென்ட்டாக அனுப்பினால்தான் தரம் குறையாது.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயர்களும் அங்கேதான் இருக்கும். பெயர் எழுதாத முகங்கள் யார் என்று வீட்டு ஆச்சியிடம் இப்போதே கேட்டு, கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.