காப்பி மரத்தின் ஜீனோம் அளவு: அளப்பது எப்படி, ஒப்பிடுவது எப்படி?

ஏற்காட்டு அரபிகாவும் கூடலூர், பந்தலூர் பக்கத்து ரொபஸ்டாவும் ஒரே பேரினம்தான். ஆனால் அரபிகாவின் ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏ, ரொபஸ்டாவினுடையதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. குரோமோசோம் எண்ணிக்கையே 44-க்கு 22 என்பதால் இதில் ஆச்சரியமில்லை. மடகாஸ்கர், கொமோரோ தீவுகளின் காட்டுக் காப்பி இனங்கள்தான் யோசிக்க வைக்கின்றன. அங்கும் குரோமோசோம் அதே 22. ஜீனோம் (மொத்த டிஎன்ஏ) அளவு மட்டும் இனத்துக்கு இனம் மாறுகிறது.

இதை அளக்க ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி வேண்டும். சாயமேற்றிய உட்கருக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு, அவை மின்னும் அளவைப் பார்க்கும் கருவி இது. ஒரே அளவு மின்னுபவை திரையில் ஒரு முகடாகக் குவியும். வீட்டில் செய்யும் வேலை இல்லை. பல்கலைக்கழக ஆய்வகத்தில் கிடைக்கும். கருவிக்குப் பெரிய திறமை தேவையில்லை, பட்டனைத் தட்டினால் ஓடும். இலையைத் தயார் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

படி 1: ஒப்பீட்டுச் செடி

கருவி டிஎன்ஏவை நேரடியாக எடை போடாது. அளவு தெரிந்த ஒரு செடியோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். காப்பிக்குத் தக்காளி பொருத்தம். இதற்கென்றே வைத்திருக்கும் தக்காளி ரகத்தில் ஒரு உட்கருவுக்கு 1.96 பிகோகிராம் (ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிகோகிராம்) டிஎன்ஏ. சோயா (2.50) அரபிகாவுக்கு மிக அருகில் வருவதால் இரண்டு முகடுகளும் ஒட்டிக்கொள்ளும். பட்டாணி (9.09) ரொம்பத் தூரம். கடையில் வாங்கிய தக்காளி விதை உதவாது. அளவு உறுதி செய்யப்பட்ட ரகமே வேண்டும்.

படி 2: நறுக்குதல்

நன்கு விரிந்த இளம் இலையில் விரல் நகம் அளவு துண்டு, தக்காளி இலையில் அதே அளவு. இரண்டையும் ஒரே பெட்ரி தட்டில் வைத்து, ஐஸ் குளிர்ச்சியில் உள்ள பஃபர் (உட்கரு கெடாமல் காக்கும் கரைசல்) 1 மில்லி ஊற்றி, புது பிளேடால் நறுக்க வேண்டும். அரைக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. பிளேடு மழுங்கினால் உட்கரு உடைந்து, திரையில் வெறும் குப்பைதான் வரும். பஃபரில் பிவிபி என்ற பாலிமர் கலந்திருக்கட்டும். இலையின் பீனால் பொருட்களை அது பிடித்து வைக்கும். நறுக்கிய சாறு பழுப்பானால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

படி 3: வடிகட்டி, சாயமேற்றுதல்

30 அல்லது 42 மைக்ரான் நைலான் வலையில் வடிகட்டி, புரோபிடியம் அயோடைடு என்ற சாயம், ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி இரண்டையும் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் வீதம் சேருங்கள். இந்தச் சாயம் ஆர்என்ஏவிலும் ஒட்டும், அதனால்தான் ஆர்என்ஏஸ். டாப்பி சாயத்தில் முகடு அழகாக வரும். ஆனால் அது டிஎன்ஏவின் ஏ, டி எழுத்துகள் நிறைந்த பகுதிகளையே விரும்பி ஒட்டும், மொத்த அளவுக்கு நம்ப முடியாது. அப்புறம், கையுறை கட்டாயம். டிஎன்ஏவில் ஒட்டும் சாயம் உங்கள் டிஎன்ஏவிலும் ஒட்டும்.

படி 4: இலைச்சாறு ஏமாற்றுகிறதா?

பலர் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால் இதை விட்டவர்களின் அளவீட்டை நான் நம்ப மாட்டேன். காப்பி இலையில் காஃபீனும் குளோரோஜெனிக் அமிலமும் உண்டு. இவை சாயம் டிஎன்ஏவைச் சென்றடைவதையே மாற்றிவிடும் என்று ஆய்வாளர் நுவாரோவின் குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் காப்பியிலேயே காட்டினார்கள். ஒரே இனத்தின் மரங்களுக்குள் ஜீனோம் அளவு வேறுபடுவதுபோல் தெரிந்தால், முதலில் சாற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சோதனை எளிது. தக்காளியைத் தனியாக ஒரு முறை, காப்பியோடு சேர்த்து ஒரு முறை ஓட்டுங்கள். கருவியின் அமைப்பை மாற்றாதீர்கள். தக்காளி முகடு நகர்ந்திருந்தால் சாறு வேலையைக் காட்டுகிறது என்று அர்த்தம். இலையைக் குறைத்து, பிவிபியைக் கூட்டிப் பாருங்கள்.

படி 5: கணக்கு

மொத்தம் 5,000 உட்கருவாவது எண்ணுங்கள். முகட்டின் சிவி (முகடு எவ்வளவு பரந்திருக்கிறது என்பதன் அளவு) 3 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 5-ஐத் தாண்டினால் தள்ளிவிடலாம்.

உதாரணத்துக்கு, தக்காளி முகடு 400-இல், ரொபஸ்டா 296-இல் நிற்கிறது என்று வைப்போம்:

296 ÷ 400 × 1.96 = 1.45 பிகோகிராம்

இது இரண்டு செட் குரோமோசோமுக்கான அளவு (2சி). பாதி 0.725. ஒரு பிகோகிராம் என்பது 978 மெகாபேஸ் (ஒரு மெகாபேஸ் என்பது பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்து இணைகள்). பெருக்கினால் சுமார் 709 மெகாபேஸ்.

அரபிகா 540-இல் நின்றால் 2.65 பிகோகிராம். இங்கே அவசரப்பட்டு இரண்டால் வகுத்து ஒப்பிடாதீர்கள். அரபிகா, ரொபஸ்டாவும் காஃபியா யூஜெனியாய்ட்ஸும் கலந்து பிறந்த நான்கு செட் மரம். நான்கால் வகுத்தால் ஒரு செட்டுக்கு 0.66, அதாவது சுமார் 647 மெகாபேஸ். செட்டுக்கு செட் பார்த்தால் அரபிகா ரொபஸ்டாவைவிடச் சற்றுச் சிறியதுதான்!

படி 6: வேறுபாடு எங்கிருந்து வந்தது?

குரோமோசோமை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை இரட்டித்திருந்தால் காரணம் பாலிபிளாய்டி, அதாவது குரோமோசோம் செட்டுகள் இரண்டுக்கு மேல் பெருகியது. அதே 22 இருந்தும் அளவு மாறினால், சந்தேகம் தாவும் டிஎன்ஏக்கள் மேல், குறிப்பாக எல்டிஆர் ரெட்ரோடிரான்ஸ்போசான்கள் மேல். தங்களையே நகலெடுத்து ஜீனோமில் செருகிக்கொள்ளும் துண்டுகள் இவை. 2014-இல் வெளியான ரொபஸ்டா ஜீனோமில் பாதி தாவும் டிஎன்ஏதான். 710 மெகாபேஸ் என்று மதிப்பிட்டதில், துண்டு துண்டாகப் படித்த டிஎன்ஏவை அன்று கோக்க முடிந்தது சுமார் 569. ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைக் கோப்பது அவ்வளவு கஷ்டம். அதனால் ஒரு இனத்தின் கோத்த நீளத்தை இன்னொன்றின் சைட்டோமீட்டர் அளவோடு ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்து, அளவுகளை இனங்களின் பரிணாம மரத்தில் குறியுங்கள். சிறிய ஜீனோம் என்றால் பழையது என்று எண்ணிவிட வேண்டாம். டிஎன்ஏ சேருவதைப் போலவே கழியவும் செய்யும். சுரபுன்னைக் காட்டு மரங்களில் தாவும் டிஎன்ஏ குறைந்து ஜீனோம் சுருங்கியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கருவியே கிடைக்காதவர்கள் என்சிபிஐ (அமெரிக்க அரசின் உயிரியல் தரவுத் தளம்) தளத்தின் எஸ்ஆர்ஏ பகுதியில் காப்பி வரிசைத் தரவுகளை இறக்கி, ஜெல்லிஃபிஷ் மென்பொருளில் 21 எழுத்துத் துண்டுகளை எண்ணி, அந்த எண்ணிக்கையிலிருந்து ஜீனோம் அளவை மதிப்பிடும் ஜீனோம்ஸ்கோப்பில் போட்டுப் பார்க்கலாம். அரபிகாவுக்கு ஜீனோம்ஸ்கோப் 2.0 பதிப்பில் செட் எண்ணிக்கையை 4 என்று கொடுக்க மறக்காதீர்கள்.