சிறுவர்களுக்கான இஸ்லாமிய நூல்கள்: எழுதுவோரும் பதிப்பிப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகத் தமிழில் வரும் இஸ்லாமிய நூல்களில் உள்ள பிழைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. நம்பிக்கை, வரலாறு, வாய்வழிக் கதை மூன்றையும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை வளர்ந்து ஒன்று தவறென்று கண்டால், மற்ற இரண்டின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

நபிகள் நாயகம் (ஸல்) மீது தினமும் குப்பை கொட்டிய மூதாட்டியின் கதையைப் பாருங்கள். ஒருநாள் குப்பை விழவில்லை, நாயகம் நலம் விசாரிக்கப் போகிறார், மூதாட்டி மனம் மாறுகிறார். இது வராத சிறுவர் நூல் குறைவு. ஆனால் அறியப்பட்ட ஹதீஸ் (நாயகத்தின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு) தொகுப்பு எதிலும் இந்தக் கதை இல்லை. பொறுமையைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் புகாரி தொகுப்பிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. கஅபா அருகே நாயகம் சஜ்தாவில் (தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து) இருந்தபோது எதிரிகள் ஒட்டகத்தின் குடலை முதுகில் போட்டார்கள். சிறுமியாக இருந்த மகள் ஃபாத்திமா ஓடிவந்து அதை அகற்றினார். பிள்ளைகள் மனதில் பதிவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

‘சீனா சென்றாயினும் கல்வியைத் தேடு’ என்பதும் அப்படித்தான். பள்ளி ஆண்டு மலர் வரைக்கும் வந்துவிட்ட இந்த வாசகம் பலவீனமானது, இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ் ஆய்வாளர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். கல்வியைத் தேடி ஒரு பாதையில் நடப்பவருக்கு இறைவன் சொர்க்கத்தின் பாதையை எளிதாக்குகிறான் என்ற முஸ்லிம் தொகுப்பின் ஹதீஸ் இருக்க, அதை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? மக்காவை விட்டு மதீனா போகும் வழியில் நாயகம் ஒளிந்திருந்த தவ்ர் குகை வாசலில் சிலந்தி வலை பின்னியது, புறா முட்டையிட்டது என்பதையும் குர்ஆன் வரலாறாக எழுதிவிடுகிறார்கள். குர்ஆன் 9:40 குகையைச் சொல்கிறது. சிலந்தியையும் புறாவையும் சொல்லவில்லை. சேர்ப்பதானால் ‘என்றொரு அறிவிப்பும் உண்டு’ என்று எழுதினால் போதும். ஹதீஸ் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் வெறும் எண்ணைக் கொடுக்காமல் தொகுப்பின் பெயரையும் அத்தியாயத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

நூல் யாருக்கு என்பதை முதல் வரிக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். மதரஸா பிள்ளைகளுக்கு ‘நாம் நம்புகிறோம்’ சரி. எல்லாரும் படிக்கும் பள்ளி நூலகத்துக்கு அது ஒவ்வாது. அதற்காக ‘முகம்மது எழுதிய குர்ஆன்’ என்று போட்டால் முஸ்லிம் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். ‘வானவர் ஜிப்ரீல் வழியாக இறைவன் அருளியது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை’ என்பது இரு தரப்பாருக்கும் பொருந்தும். ஆனால் நாயகம் மதீனாவுக்கு ஹிஜ்ரத் (இடம்பெயர்ந்து) போனது 622-இல் என்பதற்கெல்லாம் ‘நம்பிக்கை’ என்று வால் ஒட்ட வேண்டியதில்லை.

ஆண்டுக் கணக்கில் இடறாதவர் குறைவு. ஹிஜ்ரத்திலிருந்து எண்ணும் சந்திர ஆண்டான ஹிஜ்ரி ஆண்டோடு 622-ஐக் கூட்டினால் கி.பி. கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். மங்கோலியர் பாக்தாதைப் பிடித்தது ஹிஜ்ரி 656. நேராகக் கூட்டினால் 1278 வரும், உண்மையில் 1258. ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் ஓராண்டு முன்பின்னாகச் சரியாக வரும்.

படங்களில் முதல் விதி எல்லாருக்கும் தெரியும்: நாயகத்தை வரையக் கூடாது. மற்ற நபிமார்களையும் தோழர்களையும் வரைந்தாலும் பல குடும்பங்கள் நூலை வாங்க மாட்டா. நிலப்படம், கூடாரம், ஒட்டகச் சாத்து, பேரீச்சந்தோப்பு இவற்றைக் கொண்டே பக்கங்களை நிரப்பலாம். ஓவியர் தவறுவது வேறோர் இடத்தில். 622-ஆம் ஆண்டு மதீனாவை வரையச் சொன்னால் பச்சைக் குவிமாடமும் மினாராவும் வந்து நிற்கும். அன்றைய பள்ளிவாசல் மண்செங்கல் சுவர், பேரீச்சமரத் தூண், ஓலைக் கூரை, மினாரா கிடையாது. குவிமாடம் எழுந்தது 13-ஆம் நூற்றாண்டில், பச்சை பூசியது 19-ஆம் நூற்றாண்டில். ஜெருசலேமின் பொன்னிறக் குவிமாடத்தைப் போட்டு ‘அல்அக்ஸா பள்ளிவாசல்’ என்று கீழே எழுதுவதும் வழக்கம். அது 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய பாறைக் குவிமாடம். அந்தப் பள்ளிவாசல் அதே வளாகத்தில் தெற்கே இருக்கிறது.

அறிவியல் அத்தியாயத்தில் பெருமைதான் வினை. பூஜ்ஜியத்தை அல்குவாரிஸ்மி கண்டுபிடிக்கவில்லை. 9-ஆம் நூற்றாண்டு பாக்தாதில் இந்திய எண்முறையை விளக்கி நூல் எழுதினார். கொர்டோபாவின் இப்னு ஃபிர்னாஸ் பறந்த கதை விரிவாகக் கிடைப்பது ஏழு நூற்றாண்டுக்குப் பின் அல்மக்கரி எழுதிய நூலில். ‘அரபு விஞ்ஞானிகள்’ என்ற தலைப்பும் சறுக்கும். இப்னு சீனா புகாராவை அடுத்த ஊரில் பிறந்தவர், அரபியர் அல்லர். கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபு பேசிய கிறிஸ்தவர். இதை மறைக்காமல் சொன்னால்தான் அன்றைய பாக்தாத் பிள்ளைக்குப் புரியும்.

இந்தியாவுக்கு இஸ்லாம் வந்ததைக் கஜினி முகமதுவில் தொடங்குவது வடநாட்டுப் பாடநூலின் பழக்கம். தமிழ்ப் பிள்ளைக்குக் காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் காட்டலாம். பாண்டியர் துறைமுகத்தில் இறங்கிய குதிரைகளைச் சொல்லலாம். 17-ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணத்திலிருந்து ஒரு பாடலைத் தரலாம். அதற்காக 1311-இல் மாலிக் காபூர் படையெடுத்து வந்ததை விட்டுவிடக் கூடாது. இரண்டும் நடந்தவைதான்.

தொழுகை கற்பிக்கும் நூலென்றால் எந்த மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட மரபு) என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மிகுதி, உள்நாட்டில் ஹனஃபி மிகுதி. கையை ஷாஃபிஈக்கள் தொப்புளுக்கு மேலே கட்டுவார்கள், ஹனஃபி ஆண்கள் கீழே. நெஞ்சின் மீது கட்டுவோரும் உண்டு. ஒரு படத்தை மட்டும் போட்டு ‘இதுவே சரி’ என்றால் பிள்ளை வீட்டில் சண்டைக்கு நிற்கும். கட்டாயக் கொடையான ஜகாத்தைச் ‘சம்பளத்தில் 2.5 விழுக்காடு’ என்று சுருக்குவதும் தவறு. குறைந்தபட்ச வரம்பைத் தாண்டி (தங்கமானால் சுமார் 85 கிராம்) ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்த செல்வத்துக்கே அது.

கடைசியாக அச்சு. அரபு எழுத்தைக் கையாளும் அமைப்பு இயங்காத பக்க வடிவமைப்பு மென்பொருளில் அரபு வரியை ஒட்டினால் எழுத்துகள் பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பிவிடும். அட்டையில் பிஸ்மில்லாஹ் இப்படி வந்தால் மொத்தப் பிரதிகளும் வீண். அரபு படிக்கத் தெரியாதவரும் ‘அல்லாஹ்’ என்ற சொல்லை வைத்துச் சோதிக்கலாம்: வலக்கோடியில் அலிஃப் தனியாக, செங்குத்துக் கோடாக நிற்க வேண்டும், அதற்கு இடப்பக்கம் மற்ற மூன்று எழுத்தும் ஒட்டியிருக்க வேண்டும். நான்கும் தனித்தனியாக நின்றாலோ அலிஃப் இடக்கோடிக்குப் போயிருந்தாலோ வரி உடைந்திருக்கிறது. இதை அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப் கோப்பிலேயே பார்க்க வேண்டும். வேர்டில் சரியாக இருந்தது என்பது கணக்கில் வராது.