ஷிமொனதா நிலையத்தில் ஏறி இறங்கும் முறை

ஜப்பானின் ஷிகோகு தீவில், எஹிமே மாகாணத்துக் கடலோரத்தில் உள்ள ஷிமொனதா, 1935ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிறு ரயில் நிலையம். ஒரு தண்டவாளம், ஒரு நடைமேடை, ஒரு மரக்கட்டடம், அவ்வளவுதான். ஊழியர் எவரும் இல்லாத இத்தகைய நிலையத்தை ஜப்பானியர் 'முஜின் எகி' என்பர். சீட்டு வாங்குவதும் கொடுப்பதும் ரயிலுக்குள்ளேயே நடப்பதால், அதன் முறையை முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது.

எஹிமேயின் தலைநகரான மத்சுயாமாவில் புறப்படும்போதே தவறு நேரக்கூடும். 1986இல் மலைப்பக்க ஊரான உச்சிகோ வழியாகக் குறுக்குப் பாதை திறக்கப்பட்டபின், விரைவு ரயில்கள் அவ்வழியே செல்கின்றன. பழைய கடலோரப் பாதையில் பெரும்பாலும் சாதாரண ரயில்களே ஓடுகின்றன. இரு பாதைகளும் ஷிமொனதாவுக்கு அப்பால் இயோ-ஓசு நிலையத்தருகே மீண்டும் சேர்வதால், சேருமிடத்தின் பெயரை மட்டும் பார்த்து ஏறினால் மலைப்பாதையில் போய்விடுவீர்கள். கடலோர நிலையமான இயோ-நகஹாமாவின் பெயரால் 'இயோ-நகஹாமா வழி' என்று குறிக்கப்பட்ட ரயிலில்தான் ஏற வேண்டும்.

இந்தப் பாதையின் ரயில்களில் பெரும்பாலும் ஓட்டுநர் ஒருவரே பணியில் இருப்பார். இரண்டு பெட்டிகள் இருந்தாலும் ஆளில்லா நிலையங்களில் முன்பெட்டியின் கதவுகள் மட்டுமே திறக்கும் என்பதால், முன்பெட்டியிலேயே அமர்ந்துகொள்ளுங்கள். இறங்கும்போது ஓட்டுநருக்கு அருகிலுள்ள முன்கதவுக்குச் சென்று சீட்டைக் கொடுக்க வேண்டும். ரயில் பாஸ் வைத்திருப்பவர்கள் அதைக் காட்டினால் போதும்.

இறங்கியவுடன் கடலைப் பார்க்கத்தான் கண் போகும். அதற்கு முன் திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். அட்டவணையின் இடது ஓரத்தில் 24 மணிக் கணக்கில் மணியும், அதற்கு எதிரே நிமிடங்களும் இருக்கும். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க நேரலாம். முன்பு கடல் நடைமேடையின் அடிவரை இருந்தது. இப்போது இடையே 378ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. ஆனாலும் பெஞ்சில் அமர்ந்தால் கண்ணுக்கு எட்டியவரை கடல்தான். படமெடுப்பதற்காகத் தண்டவாளத்தில் இறங்கக் கூடாது.

திரும்பும்போது முன்பெட்டியின் பின்கதவு வழியாக ஏறி, அருகிலுள்ள சிறு இயந்திரத்திலிருந்து 'செய்ரிகென்' எனப்படும் எண் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறிய நிலையத்துக்கு அதுவே அத்தாட்சி. ஓட்டுநருக்கு மேலுள்ள பலகையில் உங்கள் எண்ணுக்கு நேரே காட்டப்படும் கட்டணம், ரயில் போகப்போக உயரும். வழியில் வேறோர் ஆளில்லா நிலையத்தில் இறங்குவதானால், அந்தத் தொகையை எண் சீட்டுடன் கட்டணப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியோடு இணைந்த இயந்திரம் ஆயிரம் யென் தாளுக்குச் சில்லறை தரும். பத்தாயிரம் யென் தாளை நம்பிப் போகாதீர்கள். மத்சுயாமாவிலோ ஊழியர் உண்டு. அங்கே பெட்டியில் எதுவும் போடாமல் இறங்கி, வாயிலில் எண் சீட்டைக் காட்டிக் கட்டணம் செலுத்தலாம்.