சத்தம் வருகிறது, படம் வரவில்லை

ஒரு நாள் ராத்திரி எங்கள் டிவியில் செய்தி வாசிக்கிற குரல் மட்டும் கேட்டது. திரை கறுப்பு. மெயின் போர்டு (படத்தையும் சத்தத்தையும் கையாளும் முக்கிய சர்க்யூட் பலகை) போய்விட்டது என்று நானாக முடிவு கட்டி, அதே மாடலுக்கு ஒரு பழைய போர்டைத் தேடி வாங்கி மாட்டினேன். அப்போதும் கறுப்புதான். அந்தப் போர்டு இன்னும் அலமாரியில் கிடக்கிறது. அலமாரியை ஒழிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அதை வெளியே எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைக்கிறார். அதிலிருந்து, படம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தெரியும்வரை நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை.

முதல் சோதனைக்கு ரிமோட் போதும். மெனு பட்டனை அழுத்துங்கள். மெனு வெளியிலிருந்து வருவதில்லை, டிவியே வரைந்து காட்டுவது. பின்னால் ஓடும் படம் கட்டம் கட்டமாக உடைந்தும் மெனு தெளிவாகவும் இருந்தால், கோளாறு பெரும்பாலும் செட்டாப் பாக்ஸிலோ ஒயரிலோதான். எச்டிஎம்ஐ கேபிளை வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், அப்புறம் கேபிளையே மாற்றுங்கள். வெள்ளைப் புள்ளிகள் மினுக்கினாலும், படம் அடிக்கடி போய்ப் போய் வந்தாலும் நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளைத்தான். கோடோ கறையோ மெனுவின் மேலும் விழுகிறதா? சரி, கோளாறு டிவிக்குள்ளே.

எங்கள் வீட்டுக் கதை போல சத்தம் வந்து திரை மட்டும் கறுப்பாக இருந்தால் டார்ச் எடுங்கள். அறை விளக்கை அணைத்து, டிவியை ஓடவிட்டு, டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ஆட்கள் மங்கலாக அசைவது தெரிந்தால் படம் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. பின்னாலிருந்து வரவேண்டிய வெளிச்சம், அதாவது பேக்லைட், இல்லை. (ஓஎல்இடி டிவியில் பேக்லைட்டே கிடையாது, இந்தச் சோதனை அதற்கு ஆகாது.) போட்டதும் ஒரு நொடி வெளிச்சம் வந்து அணைந்தாலும் சந்தேகம் இங்கேதான். பேக்லைட்டில் இருக்கும் எல்இடி பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தால் அந்தத் தொடர் முழுக்க அணையும். பல டிவிகளில் மின்சுற்று தன்னைக் காத்துக்கொள்ள மீதியையும் அணைத்துவிடும். போர்டை மாற்றி நான் ஏமாந்தது இதில்தான்.

பின்மூடியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அப்படியும் பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே கை வையுங்கள். மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தலை உப்பிய கெப்பாசிட்டர் கண்ணில் பட்டால் மாற்றலாம்: மைக்ரோஃபாரட் அதேதான், வோல்ட் குறையக்கூடாது, 105 டிகிரி சூடு தாங்கும் வகையாக இருக்கட்டும்.

எல்இடி ஸ்ட்ரிப்பை, அதாவது பல்புகள் வரிசையாக இருக்கும் பட்டையை எட்ட, கண்ணாடிப் பேனலைத் தூக்க வேண்டும். இது தனியாளுக்கான வேலை இல்லை. நாங்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு தூக்கினோம். பேனலின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிம் கிழிந்தால் டிவியை மறந்துவிட வேண்டியதுதான். கீழே இருக்கும் வெள்ளைத் தாள்களை எந்த வரிசையில், எந்தப் பக்கம் மேலாக எடுத்தோம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விரல் ரேகை பட்டால் திரையில் தெரியும். எது போன பல்பு என்று எல்இடி டெஸ்டர் காட்டிவிடும். ஆனாலும் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மற்றவையும் அதே வயதுதான். ஸ்ட்ரிப்பில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து முழு செட்டும் வாங்குங்கள்.

திரையில் நிலா மாதிரி வெள்ளை வட்டங்கள் தெரிந்தால் பல்பு போகவில்லை, அதன் மேல் ஒட்டியிருந்த குட்டி லென்ஸ் கழன்று விழுந்திருக்கும். அடியில்தான் கிடக்கும். பழைய இடத்திலேயே எப்பாக்ஸியால் ஒட்டுங்கள். நொடியில் ஒட்டும் பசை வேண்டாம், லென்ஸ் புகை படிந்தது போல ஆகிவிடும்.

பாதித் திரை மட்டும் போயிருந்தால் டி-கான் போர்டிலிருந்து (படத்தைப் பேனலுக்கு அனுப்பும் சின்ன போர்டு) பேனலுக்குப் போகும் பட்டை ஒயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு இருக்கும், ஆளுக்குப் பாதித் திரை. பூட்டைத் தூக்கி, முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நேராகச் செருகுங்கள். மேலிருந்து கீழாக ஒரே ஒரு கோடு நிரந்தரமாக நின்றால் அநேகமாக அது பேனல் கோளாறு. வீட்டில் சரிசெய்ய முடியாது.

எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கும் முன் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் மெனுவில் பேக்லைட்டை 100-லிருந்து 60-க்கு இறக்கினேன், சூடு குறையட்டும் என்று. இரண்டு நாள் மங்கலாகத் தெரிந்தது. இப்போது வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அலமாரியில் இருக்கும் போர்டைப் பற்றித்தான் பேச்சு.