மாதவிடாய் நின்றபின் எலும்புக்கு வாக்கிங் மட்டும் போதாது

ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் எலும்பு பற்றிக் கேட்டால், "தினமும் வாக்கிங் போறேனே" என்பார்கள். இதயத்துக்கு அது நல்லது, எலும்புக்குத்தான் போதாது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் எலும்பை அரிக்கும் செல்களுக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது. மாதவிடாய் நின்றபின் வரும் 5 முதல் 7 ஆண்டுகளில் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை போய்விடக்கூடும்.

எலும்புக்குள் இருக்கும் செல்கள் ஸ்கிளெரோஸ்டின் என்றொரு புரதத்தைச் சுரக்கின்றன. புது எலும்பு உருவாவதைத் தடுப்பது அதுதான். எலும்பின்மேல் பாரம் விழுந்தால் அதன் சுரப்பு குறையும். (இதே புரதத்தை முடக்கும் ஊசி மருந்துகூட வந்துவிட்டது.) நீச்சலும் சைக்கிளும் அந்தப் பாரத்தை அவ்வளவாகத் தருவதில்லை; வாக்கிங் தரும் பாரமும் போதாது.

ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வில், மேற்பார்வையோடு வாரம் இருமுறை அரைமணி நேரம் கனமான எடை தூக்கிய பெண்களுக்கு 8 மாதத்தில் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியது.

வீட்டில் தொடங்க ஒரு வழி: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுலபமாகிவிட்டால் 2 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகால்களைத் தூக்கி, 'தொம்' என்று தரையில் இறக்குங்கள். எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். தேவைப்பட்டால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அதுவரை முதுகை வளைத்துக் குனிந்து காலைத் தொடும் பயிற்சி வேண்டாம்.