கசந்த நினைவுகளும் ஸ்தோத்திரமும்: விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பழசை மறந்துவிடு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்." துக்க வீட்டிலும் குடும்பம் பிரிந்த வீட்டிலும் நம் வாயில் முதலில் வருவது இதுதான். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் காயப்பட்டவரை இதுவே தனிமைப்படுத்திவிடுகிறது.

மறப்பதுதான் விசுவாசம் என்று எண்ணுவது பெரிய தவறு. யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் அண்ணன்மாரால் விற்கப்பட்டவர். 30 வயதில் எகிப்தின் அதிகாரியானார். வருத்தம் எல்லாவற்றையும் தேவன் மறக்கச்செய்தார் என்று சொல்லி மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிட்டார். மறந்தாரா? பஞ்சத்தில் தானியம் வாங்க அதே அண்ணன்மார் வந்தபோது ஒதுங்கிப் போய் அழுதார். பின்பு தம்பி பென்யமீனைக் கண்டதும் அறைக்குள் விரைந்து அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, சாப்பாடு வைக்கச் சொன்னார். முகம் கழுவியதைக்கூட வேதம் மறைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு யோசேப்புக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்?

நினைக்கவே கூடாது என்று மனதை நெரிப்பதும் உதவாது. 1987இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணி அடியுங்கள் என்றார். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது.

நன்றியைப் போர்வையாக்கி வலியை மூடாதீர்கள். கணவனிடம் அடிவாங்கிய பெண்ணிடம், அந்த அடிக்கும் நன்றி சொல் என்று வற்புறுத்துவது ஊழியமல்ல, இன்னொரு அடி. பவுல் கட்டுண்டிருந்த நிலையில் பிலிப்பி சபைக்கு எழுதினார். அந்தச் சபை அனுப்பிய உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து நோயில் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்று ஒளிக்காமல் சொல்கிறார். விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்பதும் அதே நிருபத்தில்தான் இருக்கிறது. இருதயத்தையும் சிந்தையையும் தேவசமாதானம் காக்கும் என்ற வாக்கு அதற்கு அடுத்தே வருகிறது. மனம் திறந்து சொன்ன பிறகுதான் காவல்.

"சகல நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி முடிப்பதும் பலன் தராது. யார் கையில் உதவி வந்தது என்பதைப் பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார். நாமும் அப்படிச் செய்யலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து, டம்ளரில் ஊற்றி, குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அக்கா. வாடகையை அடுத்த மாதம் கொடுங்கள் என்ற வீட்டுக்காரர். கசந்த நாளுக்குள்ளேயே இப்படி யாராவது நின்றிருப்பார். இரவு ஜெபத்தில் அவரைப் பெயர் சொல்லி நினையுங்கள். நடந்தது மாறாது, ஆனால் அந்த நாளை நினைக்கும்போது அவர் முகமும் கூட வரும். யாருமே நினைவுக்கு வராத இரவில் அழுதுகொண்டே ஜெபியுங்கள், அதுவும் ஜெபம்தான்.

ஜெபம் போதும் என்று மருத்துவத்தை மட்டும் தள்ளிவிடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, நடந்தது கண்முன் மறுபடி நடப்பதுபோல் உடல் நடுங்கினாலோ, சாவைப் பற்றிய எண்ணம் வந்தாலோ உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் இலவச மனநலத் தொலைபேசி ஆலோசனையான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். போதகர்கள் இந்த எண்ணைச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும்.